கொடிக்கயிறு யார் கையில்?

ஆகஸ்டு 15 வருகிறது. டில்லிச் செங்கோட்டை கோலம் கொள்கிறது. ராஜ்காட்டிலே மலர் தூவிவிட்டுப் பிரதமர் பவனி வருகிறார், முப்படை அணிவகுத்து மரியாதை செய்கிறது, மதில்மீது ஏறுகிறார், கொடி விரிகிறது, 21 குண்டுகள் முழங்குகின்றன. கீழே, கொடியின் மூன்று நிறங்களிலும் உடை அணிவித்து, பள்ளிப் பிள்ளைகளை வரிசை வரிசையாக அமர்த்தியிருக்கிறார்கள். மேலே இருப்பவர் பேசுகிறார். கீழே இருப்பவர் கேட்கிறார். பேச்சு முடிந்ததும் மேலே இருப்பவர் மாளிகைக்கும், கீழே இருப்பவர் வீட்டுக்கும் செல்கின்றனர். சுதந்திரம் கொண்டாடப்பட்டது என்று மாலை ஏட்டிலே செய்தி வருகிறது.

யாருடைய விழா இது? கேட்டால் சினம் பொங்குகிறது சிலருக்கு. "கொடியை அவமதிக்கிறாயா? நாட்டுப்பற்று இல்லையா?" என்று பாய்கிறார்கள். தோழர்களே, கொடியோடு நமக்குப் பகையில்லை. அந்தக் கொடியின் கயிறு யார் கையில் இருக்கிறது, யார் கைக்கு அது எட்டாமலே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் நம் கேள்வி. நாட்டின் தலைவர்கள் இந்த நாளைக் கொண்டாடும் முறையை உற்றுநோக்கினால், விடை கிடைத்துவிடும்.

செங்கோட்டையிலிருந்தே தொடங்குவோம். ஷாஜகான் கட்டிய கோட்டை அது. மொகலாய மன்னர், காலையிலே மாடத்தில் தோன்றிக் குடிகளுக்குக் காட்சி தருவது வழக்கம். 'ஜரோகா தரிசனம்' என்று பெயர். மன்னன் முகம் கண்டால் போதும், குடிகளின் குறை தீர்ந்துவிடும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை! 1858-ல் அதே கோட்டைக்குள் கடைசி மொகலாய மன்னர் பகதூர்ஷாவை வெள்ளையர் விசாரித்து நாடு கடத்தினர். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் டில்லி தர்பாருக்கு வந்தபோது, தாமும் மொகலாயரின் வாரிசே என்று காட்டிக்கொள்ள, அதே மாடத்திலே அரசியோடு நின்று மக்களுக்குத் தரிசனம் தந்தார். 1945-ல் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவ வீரர்களைக் கூண்டிலேற்றியதும் அதே கோட்டைதான். அவர்களுக்காக வாதாட வந்த வழக்கறிஞர் குழுவிலே, பல ஆண்டுகளுக்குப் பிறகு கறுப்பு அங்கி அணிந்து வந்து நின்றார் ஜவகர்லால் நேரு. ஆகவே 1947 ஆகஸ்டு 16 அன்று அவர் அந்த மதிலிலே கொடியேற்றியபோது — ஆம், முதல் ஆண்டு செங்கோட்டையில் கொடியேறியது 15 அன்று அல்ல, 16 அன்று — அதற்கு ஒரு பொருள் இருந்தது. அடிமைப்படுத்தியவனின் அரணிலே விடுதலைக் கொடி! அதை மறுக்கும் நெஞ்சம் நமக்கில்லை.

ஆனால் மன்னர் போனார்; மாடம் போகவில்லை. ஷாஜகான் தரிசனம் தந்தான், ஜார்ஜ் தரிசனம் தந்தார், பிரதமரும் தருகிறார். யமுனையை நோக்கிய பக்கத்திலிருந்து லாகூர் வாயில் பக்கத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

அந்த முதல் ஆகஸ்டு 15 அன்று நடந்ததை நினைத்தால் நமக்கு உவகை பிறக்கிறது. அன்று மாலை இந்தியா கேட் அருகே பிரின்சஸ் பூங்காவில் கொடியேற்று விழா. மவுண்ட்பேட்டன் வகுத்த திட்டம்: வண்டி வரவேண்டும், மேடைக்கு நடக்கவேண்டும், பட்டாளம் அணிவகுக்கவேண்டும், எல்லாம் மணித்துளிக் கணக்கு. வந்ததோ மக்கள் கடல்! வேலிகள் சாய்ந்தன, பெருமக்களுக்குப் போட்டிருந்த இருக்கைகள் இருந்த இடம் தெரியவில்லை, அணிவகுக்க வந்த படைவீரர் கூட்டத்திலே கரைந்து போயினர். மவுண்ட்பேட்டனின் வண்டி மேடையை எட்ட முடியவில்லை. வண்டியிலே நின்றபடியே அவர் வணக்கம் செலுத்தக் கொடி ஏறிற்று. நேரு மனிதத் தலைகளுக்கு நடுவே நீந்தினார் என்றே சொல்லவேண்டும். திட்டம் குலைந்தது என்று அதிகாரிகள் வருந்தியிருப்பர். நாமோ, அந்த ஒரு மாலைதான் விழா அதற்குரியவர் கையிலே இருந்தது என்போம். அதன் பிறகு வேலி வலுவாயிற்று. 1984-க்குப் பின்னர் மதில்மேல் குண்டு துளைக்காத கண்ணாடியும் எழுந்தது. (2014-ல் நரேந்திர மோடி அந்தக் கண்ணாடிக் கூண்டு இன்றிப் பேசினார். அதை ஏடுகள் வியந்து எழுதின. மக்களாட்சியின் தலைவர் மக்கள் முன் திரையின்றி நிற்பது செய்தியாகிவிட்டது, பாருங்கள்!)

விழாவின் வேளையை யார் குறித்தார் என்று கேட்டீர்களானால், பகுத்தறிவாளர் நெஞ்சு பதைக்கும். ஆகஸ்டு 15 என்ற நாளைத் தேர்ந்தவர் மவுண்ட்பேட்டன். 1945-ல் சப்பான் சரணடைந்த நாள் அது என்பதால் அவர் மனத்தில் நின்ற தேதி. நாடு எங்கும் சோதிடர்கள் கூவினர்: "ஆகாத நாள்! கோள்கள் கூடாத இடத்தில் கூடியுள்ளன!" நாற்பது கோடி மக்களின் விடுதலையை நவக்கிரகங்களின் ஒப்புதலுக்கு அனுப்பினார்கள், தோழர்களே! 14-ஆம் நாள் நள்ளிரவிலே அரசியல் நிர்ணய சபை கூடியதற்கு அந்தக் கூச்சலும் ஒரு காரணம் என்று அந்நாளைய வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். சிறையிலே தடியடி பட்டவனை, தூக்கிலே தொங்கியவனை, கப்பற்படையிலே கிளர்ந்தெழுந்தவனை எந்தச் சனியும் காக்கவில்லை, எந்தக் குருவும் கைதூக்கிவிடவில்லை. பலன் கிடைக்கும் வேளையில் மட்டும் பஞ்சாங்கம் பாய்போட்டு அமர்ந்துகொண்டது.

நேருவோ சோதிடத்தை ஏற்காதவர். அறிவியல் மனப்பான்மை என்று வாழ்நாள் முழுதும் பேசியவர். அந்தோ! அவரது இல்லத்துக்கே அன்று மாலை நம் தஞ்சைத் தரணியின் திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து தம்பிரான் வந்தார், நாதசுரம் முழங்க. புனிதநீர் தெளித்து, நெற்றியிலே நீறு பூசி, தங்கச் செங்கோல் ஒன்றைக் கையிலே தந்தனர். சென்னையிலே செய்யப்பட்ட செங்கோல். மறுப்புக் கூறாமல் வாங்கிக்கொண்டார் நேரு. அந்த மாதமே 'திராவிடநாடு' இதழில் அண்ணா இதுபற்றி எழுதினார். ஆதீனங்களின் பொன்னுக்குப் பின்னே இருக்கும் உழவனின் வியர்வையையும், புதிய ஆட்சியிடம் அவர்கள் தேடும் நட்பின் உள்நோக்கத்தையும் எடுத்துக்காட்டி எச்சரித்தார்.

அந்தச் செங்கோல் பல்லாண்டு அலகாபாத் அருங்காட்சியகத்தில் கிடந்தது. அங்கேயே கிடந்திருக்கலாம், குடியாட்சியில் கோலுக்கு உரிய இடம் அதுதானே! 2023 மே 28 அன்று அதை எடுத்துவந்து, ஆதீனங்களை வானூர்தியில் வரவழைத்து, அவர்கள் வாழ்த்தொலி எழுப்ப, புதிய நாடாளுமன்றத்தில் அவைத்தலைவர் இருக்கைக்கு அருகே நட்டார் மோடி. அதிகார மாற்றத்தின் சின்னமே இதுதான் என்று விளக்கம் வேறு! வரலாற்று அறிஞர்கள் ஆவணம் எங்கே என்று கேட்டனர். நாட்டின் முதற்குடிமகளாகிய குடியரசுத் தலைவரை, பழங்குடியிற் பிறந்த ஒரு மாதரசியை, அந்தத் திறப்பு விழாவிற்கு அழைக்கவில்லை. மடத்திற்கு அழைப்பு, மாநிலமும் நாடும் தேர்ந்தெடுத்த தலைவிக்கு இல்லை!

1947-ல் கொண்டாட மறுத்தோரும் இருந்தனர். காந்தியார் டில்லியில் இல்லை. கல்கத்தாவின் பெலியகட்டாப் பகுதியிலே, ஐதரி மன்சில் என்ற பாழடைந்த வீட்டிலே, இந்து-முசுலிம் வெறியாட்டத்தை அணைக்க, சுஹ்ரவர்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தங்கியிருந்தார். விடுதலை நாளை உண்ணாதிருந்து, இராட்டை சுற்றிக் கழித்தார். செய்தி கேட்டு வந்தோருக்குச் செய்தி இல்லை என்றார். அவருடைய நோன்பிலும் பிரார்த்தனையிலும் நமக்கு உடன்பாடு இல்லை. வருணாசிரமம் பற்றி அவரோடு நம் இயக்கம் தொடுத்த வழக்கு பெரிது. ஆனாலும், இரத்தம் ஓடும் தெருவிலே நிற்பதா, தோரணம் கட்டிய தெருவிலே நிற்பதா என்ற கேள்விக்கு அன்று சரியான விடை தந்த தலைவர் அவர்.

இங்கே பெரியார் அந்நாளைத் துக்க நாள் என்றார். அண்ணா, வெள்ளையன் வெளியேறுவது மகிழ்ச்சிக்குரியதே, அதில் நாம் முகம் சுளித்தால் வெள்ளையனுக்கு வால் பிடித்தவர் என்ற பழி நம்மைச் சேரும் என்றார். ஆசானும் மாணவரும் வெளிப்படையாக மாறுபட்டனர். எது சரி என்று இன்றும் நம் பாசறைகளில் வாதிடுகிறோம், வாதிடுவோம். ஒரு கொடியேற்றத்தைப் பற்றி இப்படி அச்சமின்றி எண்ணிப் பார்த்தது அந்தத் தலைமுறை. இன்றோ, எழுந்து நிற்கச் சிறிது தாமதித்தவனையே துரோகி என்கிறார்கள்.

சரி, மதில்மேல் ஏறிப் பேசுகிறார்களே, அந்தப் பேச்சு? 2024-ல் 98 நிமிடம். 2025-ல் 103 நிமிடம். நீளத்தில் யாரும் நெருங்க முடியாத சாதனை! குறுக்கே ஒருவர் எழுந்து கேள்வி கேட்க முடியாத பேச்சுக்கு நீளம் வளர்வதில் வியப்பென்ன? 2025-ஆம் ஆண்டுப் பேச்சிலே ஆர்.எஸ்.எஸ். இயக்கத்தின் நூற்றாண்டுக்குப் பாராட்டுரையும் கேட்டோம். நாகபுரித் தலைமையகத்திலே ஆண்டுக்கணக்காக இந்த மூவண்ணக் கொடியை ஏற்றாமலிருந்த இயக்கம் அது. அதன் கொள்கையைப் பரப்பும் 'ஆர்கனைசர்' ஏடு, 1947 ஆகஸ்டு 14 இதழில், மூன்று என்ற எண்ணே தீமை, மூன்று நிறக் கொடி நாட்டுக்குக் கேடு என்று எழுதிற்று. இன்று அந்தக் கொடியின் நிழலிலேயே அதற்கு வாழ்த்து! எண் மாறவில்லை, நிறமும் மூன்றேதான். எப்படியோ தீமை நீங்கிவிட்டது.

2014-ஆம் ஆண்டு முதற் பேச்சிலே மோடி ஒரு நல்ல சொல் சொன்னார். ஓராண்டுக்குள் எல்லாப் பள்ளியிலும் பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை இருக்கும் என்றார். செங்கோட்டையிலிருந்து கழிப்பறை பேசிய பிரதமர் என்று பலர் புகழ்ந்தனர். ஆசிரியப் பணியிலிருப்போராகிய நாமும் அந்த அறிவிப்பை வரவேற்கவே செய்வோம். பூப்பெய்திய பெண்பிள்ளைகள் கழிப்பறை இன்றிப் பள்ளியை விட்டு நிற்கும் கொடுமை கண்டவர்கள் நாம். மறு ஆண்டு முடிந்தது என்று அறிவித்தார்கள். 2020-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை வேறு கதை சொல்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் கட்டியதாகக் கூறிய கழிப்பறைகளில் 2,695-ஐத் தணிக்கையாளர் நேரிலே சென்று பார்த்தனர். சில கட்டப்படவே இல்லை, சில அரைகுறை. கட்டி நின்றவற்றிலே 72 விழுக்காட்டில் உள்ளே தண்ணீர் வரவில்லை. தண்ணீர் இல்லாத கழிப்பறை எத்தகையது என்று மதில்மேல் நின்றவருக்குத் தெரியாது. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குத் தெரியும். அவளோ கீழ் வரிசையிலே, நிற உடையிலே, கை தட்டுவதற்காக அமர்த்தப்பட்டிருக்கிறாள்.

75 ஆண்டு நிறைவுற்ற 2022 ஆகஸ்டு 15-ஐ எப்படி மறப்பது? காலையிலே செங்கோட்டையிலிருந்து, பெண்ணை இழிவுபடுத்தும் போக்கை விட்டொழிப்போம் என்று முழக்கம். அதே நாளிலே குசராத்தில், 2002 கலவரத்தின்போது கருவுற்றிருந்த ஒரு பெண்ணைக் கூட்டாகச் சீரழித்து, அவள் உறவினரைக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரை மாநில அரசு விடுதலை செய்தது. சிறைவாயிலிலே அவர்களுக்கு மாலை, இனிப்பு! விடுதலை நாள் அல்லவா, விடுதலை செய்தார்கள்! 2024 சனவரி 8 அன்று உச்சநீதிமன்றம் அந்த விடுதலையைச் செல்லாது என்று அடித்து, அவர்களை மீண்டும் சிறைக்கு அனுப்பியது. அந்த முழக்கத்தை முழங்கியவர் அந்த 11 பேரைப் பற்றி மதில்மேல் நின்று ஒரு சொல் சொன்னதுண்டா?

இனி, கயிற்றுக்கு வருவோம்.

1947 முதல் 1973 வரை, மாநிலங்களில் சுதந்திர நாளன்று கோட்டையிலே கொடியேற்றியவர் யார்? ஆளுநர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்த முதலமைச்சர் பக்கத்திலே நின்று பார்ப்பார். டில்லி அமர்த்திய ஆளுநர் கயிற்றை இழுப்பார். பிரதமர் டில்லியிலே ஏற்றலாம், முதலமைச்சர் தம் தலைநகரில் ஏற்றக்கூடாதா என்று கேட்டவர் கலைஞர் மு. கருணாநிதி. கேட்டுப் பெற்றார். 1974 ஆகஸ்டு 15 அன்று சென்னைக் கோட்டையிலே முதலமைச்சராக அவர் கொடியேற்றினார். இந்தியாவின் எல்லா முதலமைச்சர்களுக்கும் அந்த உரிமை வந்தது. இன்று காசுமீரம் முதல் கேரளம் வரை அந்தக் கயிற்றைப் பிடிக்கும் முதலமைச்சர்களில் எத்தனை பேர் இதை நினைக்கிறார்களோ, தெரியாது. விடுதலை வந்து 27 ஆண்டு ஆயிற்று, முதலமைச்சர் கைக்குக் கயிறு வர.

குடிமகன் கைக்கோ? 55 ஆண்டு! 2002 சனவரி 26-ல் கொடிவிதி திருத்தப்படும்வரை, சில குறித்த நாட்கள் நீங்கலாக, சாதாரணக் குடிமகன் தன் வீட்டிலே தேசியக் கொடியைப் பறக்கவிட உரிமையில்லை. ஒரு தொழிலதிபர் வழக்குத் தொடுத்துப் போராட, 2004-ல் உச்சநீதிமன்றம் அது குடிமகனின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. "உன் கொடி" என்று பாடம் நடத்தினோம் வகுப்பிலே; "தொடாதே" என்றது விதி.

2022-ல் காற்று திசை மாறிற்று. இல்லந்தோறும் கொடி ஏற்றுக, 20 கோடி இல்லங்களில் ஏற்றுக என்று அறிவிப்பு. நல்லது என்றிருப்போம். ஆனால் 2021 டிசம்பர் 30 அன்று விதியைத் திருத்தி, கைந்நூற் கதருக்கு மட்டுமே இருந்த இடத்தை எந்திரத்தில் நெய்த பாலியெசுடருக்கும் திறந்துவிட்டனர். கருநாடகத்தின் ஊப்பள்ளி, பெங்கேரியிலே கொடி செய்யும் கதர் நிலையத்தார், அங்கே நூற்று நெய்து தைத்து வாழும் பெண்கள், எங்கள் பிழைப்பு என்னாவது என்று குரல் எழுப்பினர். வீட்டுக்கு வீடு கொடி. கொடி நெய்தவள் வீட்டிலோ அடுப்பு அணையும் அச்சம்! அதே ஆண்டும் பிரதமர் தவறாமல் ராஜ்காட் சென்றார், இராட்டை சுற்றியவருக்கு மலர் தூவ.

டில்லியை மட்டும் குறைகூறி நாம் நல்லவர்களாகிவிட முடியாது. நம் தமிழகத்திலேயே, திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், 2020 ஆகஸ்டு 15 அன்று நடந்தது என்ன? மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண். கொடியேற்றவிடாது தடுத்துவிட்டனர் சாதி வெறியர்கள். செய்தி வெளிவந்த பிறகு, சில நாள் கழித்து, மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து அவரைக் கொண்டு கொடியேற்றச் செய்தார். ஓர் ஊரில் மட்டும் இந்நோய் என்றால், 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் எல்லா மாவட்ட ஆட்சியருக்கும் கடிதம் எழுதி, தாழ்த்தப்பட்ட வகுப்பு ஊராட்சித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்க என்று ஆணையிட வேண்டி வந்திருக்குமா? பெரியார் பிறந்த மண்ணிலே, ஆட்சியரும் காவலரும் புடைசூழத்தான் ஒரு பெண் கயிற்றைத் தொட முடிந்தது. அந்த நாளிலேயே திருக்கோயில்களில் அமைச்சர்களும் அதிகாரிகளும் பொதுவிருந்து உண்கிறார்கள். எல்லோரும் ஒரே பந்தியில்! ஆண்டின் மற்ற நாட்களில் அந்த ஊர்களின் தேநீர்க் கடையிலே என்ன நடக்கிறது என்று அந்த இலையிலிருந்து எழுந்ததும் போய்ப் பார்க்கலாமே.

"மக்களையும் அழைக்கிறோமே" என்று விடை வரும். ஆம், 2023-ல் செங்கோட்டைக்கு 1,800 பேர், 2024-ல் 6,000 பேர், உழவர், தொழிலாளர், ஊராட்சித் தலைவர், செவிலியர் எனச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டனர். அழைத்ததைப் பழிக்கமாட்டோம். ஆனால் வந்த உழவரிடம் விளைபொருளின் விலை பற்றி அந்த மேடை கேட்டதா? காட்சிக்கு வைத்தனர், கருத்துக்கு வைக்கவில்லை. அதே 2024-ல் மக்களவை எதிர்க்கட்சித் தலைவருக்கே பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது. விருந்தினர் என்றால் வீட்டுக்காரர் வேறொருவர் என்றுதானே பொருள்?

பள்ளிகளின் நிலையையும் சொல்லிவிடுகிறோம். எட்டு மணிக்குக் கொடி என்று பிள்ளைகளை ஏழு மணிக்கே நிறுத்துகிறோம். சிறப்பு விருந்தினர் ஒன்பதரைக்கு வருகிறார். வெயிலிலே மயங்கிச் சாயும் சிறுவனை ஆசிரியர் தாங்கிப் பிடித்துத் திண்ணையில் கிடத்துகிறார். காலையில் உண்ணாமல் வந்தவனாகவே இருப்பான், பெரும்பாலும். விருந்தினர் தியாகத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறார். பிறகு ஆளுக்கொரு மிட்டாய். இது செங்கோட்டை விழாவின் சிறு படி. மேடை சிறிது, தூரம் அதே தூரம்.

ஆனால் தமிழகத்திலே அதே ஆகஸ்டு 15 அன்று இன்னொன்றும் நடக்கிறது. குண்டு முழக்கம் இல்லை, தொலைக்காட்சி வண்டி இல்லை. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பேருள்ள எவரும் எழுந்து, வரவு என்ன, செலவு என்ன, குடிநீர்த் தொட்டி ஏன் கழுவப்படவில்லை, நூறுநாள் வேலைக் கூலி எங்கே என்று கேட்கலாம். கேட்டதற்கு விடை சொல்லவேண்டும். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதவேண்டும். 103 நிமிடம் ஒருவர் பேச, நூற்று நாற்பது கோடிப் பேர் கேட்கும் விழாவுக்கு நேர்மாறான விழா. இதற்குத்தான் கூட்டம் வருவதில்லை. நம் இளைஞர்களே வருவதில்லை. கைப்பேசியிலே செங்கோட்டைப் பேச்சைக் கேலி செய்துகொண்டு வீட்டில் இருக்கிறோம். அமைச்சர் பெருமக்களோ கோட்டைக் கொத்தளத்திலும், ஆளுநர் மாளிகைத் தேநீர் விருந்திலும் இருக்கிறார்கள். வெள்ளைக்காரத் துரைமார் விட்டுச்சென்ற அந்தத் தேநீர் விருந்துக்குப் போவதா, புறக்கணிப்பதா என்பது ஆண்டுதோறும் பெரிய அரசியல். ஒதுக்குப்புறத்து ஊராட்சியின் கிராம சபைக்குப் போனார்களா என்று யாரும் கேட்பதில்லை.

வரும் ஆகஸ்டு 15 அன்று உங்கள் ஊர்க் கிராம சபைக்குச் செல்லுங்கள், தோழர்களே. காலையில் கொடியேற்றியவர் யார், ஏற்ற வேண்டியவர் யார் என்று முதலில் கேளுங்கள். ஊராட்சித் தலைவர் அமர்ந்திருப்பது நாற்காலியிலா, தரையிலா என்று பாருங்கள். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதை அந்தப் பள்ளியில் படிக்கும் பெண்ணைக் கொண்டே சொல்லச் செய்யுங்கள். அவள் சொன்னதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லிப் படித்துப் பார்த்து, அதன் பிறகு கையெழுத்திடுங்கள்.